சி. வி. இராமனின் செவிப்புல ஆய்வும் மிருதங்கத் தோலும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் பாலாற்றங்கரை ஊர்களில் தோல் என்றால் பதனிடப்பட்ட தோலே நினைவுக்கு வரும். மிருதங்கத்துக்கு அது உதவாது. பதனிடாது உலர்த்திய தோலே வேண்டும். அத்தோலின் ஒலியை இயற்பியல் ஆய்வுக்குரிய பொருளாக்கியவர் சி. வி. இராமன். 1930இல் ஒளிச்சிதறலுக்காகப் பெற்ற நோபல் பரிசின் நிழலில் அவரது ஒலியியல் ஆண்டுகள் மறைந்துவிட்டன.

இராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினில் ஈடுபாடுடையவர். இளமையிலேயே இராமனை ஆட்கொண்ட நூல்களுள் ஒன்று, இசையுணர்வு பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்டது. உட்செவியின் நுண்ணிழைகள் ஒவ்வொன்றும் தனக்குரிய சுருதிக்கு மட்டுமே அதிரும் என்பது அந்நூலின் கொள்கை. அலையொன்று உட்செவிச் சவ்வின் வழியே ஓடிக் குறித்த இடத்தில் உச்சமடைகிறது எனப் பின்னாளில் திருத்தியவர் பெக்கேசி. அதற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

1907இல் கல்கத்தாவில் நிதித்துறைப் பணியில் சேர்ந்த இராமன், அலுவலுக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் உழைத்தார். 1917இல் பாலித் பேராசிரியரானார். வில் தீட்டும் நரம்பின் அதிர்வு பற்றிய அவரது நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

எனினும் மிருதங்க ஆய்வே தனித்தன்மையுடையது. குரலின் உயிரொலியிலும் வீணை நரம்பிலும் மேற்சுருதிகள் அடிச்சுருதியின் ஏறத்தாழ முழு மடங்குகளாக அமைவதால் செவி அவற்றை ஒரே ஒலியாகக் கேட்கிறது. ஒரே சீரான தோலிலோ அவை 1, 1.59, 2.14 எனச் சிதறுகின்றன, சுருதி நிற்பதில்லை. மேலை இசையில் முரசு பெரும்பாலும் தாளத்துக்கே பயன்பட்டதன் காரணம் இதுவே எனலாம். மிருதங்கம் இதற்கு விலக்கு என்பதைச் சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் 'நேச்சர்' இதழில் இராமன் அறிவித்தார். வலந்தலையின் நடுவே கிட்டக்கல் பொடியும் சோறும் குழைத்து ஏற்றும் கரணையின் பளுவால், முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்து இசைவான சுருதிகளில் திரள்கின்றன. தோலின்மேல் நுண்மணல் தூவி, அதிராத கோடுகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தினார். விரிவான கட்டுரை 1934இல் வெளிவந்தது.

இதனைப் பண்டைய இந்தியரின் இசையறிவுக்குச் சான்றாக அவர் போற்றினார். பண்டையோர் என்பது சற்றுத் தொலைவான சொல். மெல்லிய பூச்சாக ஏற்றி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் ஏற்றும் அவ்வறிவு அவர் காலத்திலும் கருவி செய்யும் தோல்வினைஞரின் கையிலும் செவியிலும் வாழ்ந்துகொண்டிருந்தது. அதிர்வெண்ணை அளவிடாமலே, மேற்சுருதிகள் ஒன்றுகூடும் இடத்தைச் செவியால் கண்டவர்கள் அவர்கள். ஆய்வகம் விளக்கியது அவர்களின் முடிவைத்தான்.

முதுமையில் இராமனின் கவனம் கண்ணின்பால் திரும்பியது. காட்சியுணர்வு பற்றிய நூலை 1968இல் வெளியிட்டார். 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.