கோட்டை வாத்தியம் கேட்ட முத்துசாமி தீட்சிதர்

பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்து வந்து வேற்று மண்ணில் வேரூன்றி வாழ்வோர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. வந்த இடத்தின் நன்மைகளை நன்றியுடன் ஏற்றல் ஒன்று; கொண்டுவந்த செல்வத்தைக் கைநழுவ விடாது காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைத் தம் இசையாலேயே மெய்ப்பித்த பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

நாம் வாழும் ஹப்சிகுடாவின் பெயரே ஒரு வரலாறு. நிஜாமின் படையில் பணியாற்றிய ஆப்பிரிக்க வீரர்களை ஹப்ஷிகள் என்று அழைத்தனர். அவர்களால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். ஹப்ஷிகளும் ஏமன் நாட்டு அராபியரும் கொணர்ந்த மர்ஃபா முழக்கம் இன்றும் ஹைதராபாத்தின் திருமண ஊர்வலங்களில் ஒலிக்கின்றது. 1806ஆம் ஆண்டில் அமைந்த செகந்திராபாத் பாசறையிலோ ஆங்கிலப் படையின் பித்தளைக் குழல்களும் ஸ்காத்லாந்தின் பைக்குழலும் முழங்கின. வந்தோரின் இசைக்கெல்லாம் இடம் தந்த நகரம் இது.

அப்பைக்குழலையும் முரசையும் இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் ஏந்துகின்றனர். கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் இணைந்து, குடியரசு நாள் விழாவையொட்டி, பள்ளிகளுக்கிடையே தேசிய பேண்ட் வாத்தியப் போட்டியை அண்மை ஆண்டுகளில் நடத்தி வருகின்றன. சிறுவர்க்குப் பித்தளை வாத்தியக் குழு, பைக்குழல் குழு என இரண்டு; சிறுமியர்க்கும் அவ்வாறே இரண்டு; ஆக நான்கு பிரிவுகள். பிள்ளைகள் சீருடை அணிந்து அடி பிசகாமல் நடந்து வாசிக்கும் காட்சி பெற்றோரின் நெஞ்சை நிறைக்கும். ஆயினும் மாலையில் பாட்டு வகுப்பை விட்டுப் பேண்ட் பயிற்சிக்கு ஓடும் பிள்ளையைக் கண்டு, நம் சங்கீதம் நம்மோடு முடிந்துவிடுமோ என்று கவலுறும் தாய்மாரும் நம்மிடையே உளர். அக்கவலை புறக்கணிக்கத் தக்கதன்று. அதற்கு விடை தருவது முத்துசாமி தீட்சிதரின் வாழ்க்கை.

சோழவள நாட்டுத் திருவாரூர், சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் தோன்றிய திருநகரம். சியாமா சாஸ்திரிகள் 1762இலும், தியாகராஜர் 1767இலும், முத்துசாமி தீட்சிதர் 1775இலும் ஆங்குப் பிறந்தனர். தீட்சிதரின் தந்தையார் இராமசாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி இராகத்தை உலகுக்களித்த மேதை. தாயார் சுப்பலட்சுமி அம்மையார். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய இப்பெற்றோர், வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமியை வேண்டிப் பெற்ற மகனாதலின் அப்பெருமான் பெயரையே இட்டனர். சின்னசாமி, பாலுசாமி என்னும் தம்பியர் இருவரும் பாலாம்பாள் என்னும் தங்கையும் பின்னர்ப் பிறந்தனர்.

சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் கலைஞரைப் போற்றி வாழ்ந்தார். அவர் அழைப்பை ஏற்று இராமசாமி தீட்சிதரின் குடும்பம் திருவாரூரை விட்டு மணலியில் குடியேறிற்று. நம்மைப் போலவே பிழைப்பும் ஆதரவும் நாடிப் பெயர்ந்த குடும்பம் அது. வேதமும் வடமொழியும் வீணையும் வாய்ப்பாட்டும் பயின்று வந்த முத்துசாமியை, சிதம்பரநாத யோகி என்னும் துறவி தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். கங்கைக் கரையில் சில ஆண்டுகள் குருவுக்குப் பணி செய்து வாழ்ந்த காலத்தே வடநாட்டுத் துருபத இசையின் நிதானமும் ஆழமும் அவர் செவியில் பதிந்தன. பின்னாளில் யமுனா கல்யாணி, த்விஜாவந்தி முதலிய இராகங்களைத் தம் கீர்த்தனைகளில் அவர் பொலிவுற வைத்தது அக்கேள்வியின் பயனே.

குரு காசியிலேயே சித்தியடைந்தபின் முத்துசாமி மணலிக்குத் திரும்பினார். திருத்தணிகையில் முருகன் அருள் பெற்று முதற் கீர்த்தனையைப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. அன்றுமுதல் குருகுஹ என்பது அவர்தம் முத்திரை ஆயிற்று.

அக்காலத்தில் மணலி முதலியாரின் மகனார் வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக விளங்கினார். அவர் தீட்சித சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று படையினரின் பேண்ட் வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். ஆசாரமிக்க குடும்பத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பியிருக்கலாம். அல்லது புதுமையில் மயங்கித் தம் கலையை எளிதென்று எண்ணியிருக்கலாம். இவ்விரண்டும் நிகழவில்லை. இளையவர் பாலுசாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் பயின்று, அதனை நம் சங்கீதத்திற்கு ஏற்பப் பழக்கினார். இன்று பிடில் இன்றிக் கச்சேரி இல்லை என்னும் நிலைக்கு வித்திட்டவர்களுள் முதல்வராக அவரைப் போற்றுவர்.

மூத்தவரோ கேட்ட மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். ஆங்கில, ஐரிஷ், ஸ்காத்லாந்து மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளைப் புனைந்தார். இவையே நோட்டு ஸ்வர சாகித்தியங்கள். சுமார் 40 என எண்ணுவர். சங்கராபரண ஸ்வரங்களில், கமகமின்றி, ஒவ்வொரு ஸ்வரமும் நேராக நிற்க, நடையோ சதுரசிரமாகவோ திசிரமாகவோ காலடிக்கு இசையச் செல்லும் இவை, இளஞ்சிறார் நாவுக்கு மிக எளியன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என விரியும் தம் பெருங்கீர்த்தனைகளின் இலக்கணத்தை அவர் இவற்றில் திணிக்கவில்லை. வந்த மெட்டின் இயல்பைக் கெடுக்காமல், உள்ளே வைத்த பொருளை மட்டும் தமதாக்கினார்.

இவற்றுள் ஒன்று சிந்திக்கத் தக்கது. ஆங்கில மன்னரை வாழ்த்தும் அரச கீதத்தின் மெட்டிலே அவர் சங்கீத சியாமளையைத் துதித்தார். ஸந்ததம் பாஹிமாம் என்னும் அச்சாகித்தியம் இன்றும் பாடப்படுகின்றது. வறுமை வந்தபோதும் மன்னரையோ செல்வரையோ பாடிப் பொருள் பெறும் வழியை ஏற்காதவர் தீட்சிதர் என்பர். அத்தகையவர், அரசனுக்குரிய மெட்டைக் கலைத்தாயின் திருவடிக்கு உரியதாக்கினார். கோட்டையின் வலிமை கண்டு அஞ்சவுமில்லை, அதனைப் பழிக்கவுமில்லை. நல்லிசை எங்கு ஒலிப்பினும் நமது தெய்வத்துக்கு உரியதே என்று கொண்ட துணிவு இது.

பின்னர்க் காஞ்சியிலும், நெடுங்காலம் திருவாரூரிலும் வாழ்ந்து, கமலாம்பா நவாவரணம், நவக்கிரக கீர்த்தனைகள், பஞ்சபூதத் தலக் கீர்த்தனைகள் முதலிய பெரும்பணிகளை நிறைவேற்றினார். திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன் அவருடைய மாணவர். அவர் வயிற்று நோயால் வருந்தியபோது, குரு பகவானைத் துதித்து அடாணா இராகத்தில் தீட்சிதர் பாடினார் என்பது வழக்கு. தாளக் கருவி முழக்கும் மாணவன்பால் அவர் கொண்ட அன்புக்கு இது சான்று. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் அவரிடம் பயின்றனர். இவர்களுள் வடிவேலு பிடிலில் வல்லுநராகித் திருவாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரால் சிறப்பிக்கப்பெற்றார்.

தம்பி பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். இறுதிக் காலத்தில் தீட்சிதரும் அவ்வூரை அடைந்தார். 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று, மாணவர் பாடக் கேட்டவாறே இறைவியின் திருவடி நிழலை எய்தினார் என்பர். அவரது சமாதி அங்கு உள்ளது. 1904இல் சுப்பராம தீட்சிதர் அங்கிருந்து வெளியிட்ட சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல், இக்குடும்பத்தின் இசையைப் பிற்காலத்தார்க்குக் காத்துத் தந்தது.

இனி, நம் பிள்ளைகளின் பேண்ட் வாத்தியத்தை மீண்டும் நோக்குவோம். பைக்குழலில் தோற்பையில் அடைத்த காற்றால் சுருதிக் குழல்கள் இடையறாது ஒலிக்க, விரற்குழலில் மெட்டு எழுகின்றது. நாகசுரத்துக்கு ஒத்து எவ்வாறோ, இதற்குச் சுருதிக் குழல் அவ்வாறே. அதன் ஒன்பது ஸ்வரங்களைச் செவியூன்றிக் கேட்பின், ஏறத்தாழ ஹரிகாம்போதியின் சாயலை உணரலாம். பித்தளைக் குழுவோ சங்கராபரணத்தைத் தாராளமாக வாசிக்கும். எனவே பாட்டு வகுப்பில் பயின்ற பிள்ளை பேண்டில் பின்தங்குவதில்லை. சுருதியும் லயமும் முன்னரே கைவந்தவனுக்குப் போட்டியில் குழுவோடு ஒன்றித் தொடங்குதலும் ஒன்றி முடித்தலும் எளிதாகும்.

ஆனால் இப்பயன் தானாக வாராது. ஒன்றைக் கற்கும் ஆர்வத்தில் மற்றொன்று மங்காதிருக்க வீட்டில் ஓர் ஏற்பாடு வேண்டும். தீட்சிதர் கோட்டைக்குச் சென்றபோது வெறுங்கையோடு செல்லவில்லை. தந்தையார் ஊட்டிய ஞானம் அவருடன் சென்றது. அது இல்லாதிருப்பின் அவர் கேட்ட மெட்டு கேட்ட மெட்டாகவே நின்றிருக்கும். போட்டியில் பரிசு பெறுவது பள்ளியின் பொறுப்பு. அந்த ஞானத்தை ஊட்டுவது நம் பொறுப்பு.

நோட்டு ஸ்வரங்களுள் இரண்டு மூன்றையேனும் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் பாடட்டும். பள்ளிப் பேண்டில் வாசிக்கும் சிறார் அவற்றைக் குழலிலும் முரசிலும் பயின்று நம் சங்க மேடையில் முழக்கட்டும். மழலையர் பாட, மூத்தோர் வாசிக்க, பாட்டிமார் கேட்டு மகிழட்டும். 200 ஆண்டுகளுக்கு முன் கோட்டை வாயிலில் கேட்ட ஒலியைக் கோயிலுக்குக் கொணர்ந்த பெரியார்க்கு, குடிபெயர்ந்து வாழும் நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவே.

வாழ்க தீட்சிதர் புகழ்! வளர்க நம் சிறார் இசை!