பேராசிரியர் ஹால்டேன்

1964-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி புவனேசுவரத்தில் ஓர் இந்தியப் பிரஜை காலமானார். அவர் பிறந்தது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில், 1892-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி. பிரபுக்களின் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியில் படித்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். உலகமெங்கும் விஞ்ஞானிகள் மதித்த மேதை. அப்படிப்பட்ட ஜே. பி. எஸ். ஹால்டேன் தம் கடைசி ஏழு ஆண்டுகளை நம் தேசத்தில் கழித்து, நம்மவராகவே கண் மூடினார். அவருடைய சரித்திரத்தில் நாம் கற்க வேண்டியவை பல.

அவருடைய தந்தை சுவாச சாஸ்திர நிபுணர். சுரங்கங்களின் விஷவாயுவை ஆராயச் செல்கையில் சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வார். சோதனையைத் தம் உடலிலேயே செய்து பார்க்கும் வழக்கம் மகனுக்கு அங்கே வந்தது. ஆக்ஸ்போர்டில் அவர் கற்றவை கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமுமே. ஜீவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் தங்கை நவோமியுடனும் ஸ்பிரண்ட் என்ற நண்பருடனும் எலிகளை வளர்த்து, சில குணங்கள் சேர்ந்தே சந்ததிக்குச் செல்கின்றன என்று 1915-ல் நிரூபித்தார். பாலூட்டும் பிராணிகளில் இதைக் காட்டியவர்கள் அவர்களே முதல்வர். அதே வருஷம் ஸ்பிரண்ட் போர்க்களத்தில் மாண்டார். ஹால்டேனும் காயமுற்றார், மெஸபொடேமியாவில் மறுமுறை காயமுற்றபின் சிகிச்சைக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். இந்தியர்களோடு சமமாகப் பழகக்கூடிய காலத்தில்தான் இங்கே திரும்ப வருவதென்று அப்போது உறுதி பூண்டார்.

யுத்தத்துக்குப் பின் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் இருந்து, டார்வினின் கொள்கையையும் மெண்டலின் பரம்பரை விதிகளையும் கணிதத்தால் இணைத்தார். அந்த ஆராய்ச்சியில் ஒரு பெரிய புதிருக்கும் வழி கண்டார். பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்லும் ஜீன் ஒவ்வொன்றுக்கும் உடலில் வேலை உண்டு. அந்த வேலை கெட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படியிருக்கப் புதிய வேலை செய்யும் ஜீன் எங்கிருந்து பிறக்கும்? ஒரு ஜீன் தற்செயலாக இரண்டு பிரதிகளாகிவிட்டால், ஒன்று பழைய வேலையைக் கவனித்துக்கொள்ள, மற்றொன்று தீங்கின்றி மாறலாம் என்று 1932, 1933-ம் வருஷங்களில் எழுதினார்.

வக்கீல்களுக்கு இது எளிதில் விளங்கும். மூலப் பத்திரத்தில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் சொத்துக்கு மோசம். நகலிலோ அடிக்கலாம், திருத்தலாம், புதிய ஷரத்தும் சேர்க்கலாம். பெரும்பாலான நகல்கள் கிறுக்கலாகிப் பயனற்றுப் போகும். எப்போதோ ஒன்று புதிய பத்திரமாகும்.

அன்று இதற்கு அத்தாட்சி சொற்பம், பின்னாளில் குவிந்தது. ஜப்பானியரான சுசுமு ஓனோ 1970-ல் இக்கருத்தை ஒரு முழு நூலாகவே விரித்தார். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்கும் ஜீன்கள், பல கோடி வருஷங்களுக்கு முன் இருந்த ஒரே மூல ஜீனின் சந்ததி. கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கு ஒரு பிரதி, பிறந்த பின் வேறொரு பிரதி வேலை செய்கிறது. சிசுவின் ஹீமோகுளோபின், தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும் வலிமை பெற்றது. மோப்ப ஜீன்களும் இவ்விதம் பெருகிய குடும்பமே. எலிக்குச் சுமார் 1,000 வேலை செய்கின்றன; மனிதனுக்குச் சுமார் 400 மட்டுமே. அவனிடம் ஏறக்குறைய அதே அளவு ஜீன்கள் பழுதாகிக் கிடக்கின்றன.

ஒரேவிதமான பிரதிகள் அடுத்தடுத்து இருப்பதில் அபாயமும் உண்டு. கருவணுக்கள் உண்டாகையில் அவை தவறிப் பொருந்தினால், ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் ஒன்றுமாகப் பிரிந்துவிடும். தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயின் ஒரு வகை பெரும்பாலும் இப்படியே நேருவது. தலசீமியா சில பிரதேசங்களில் மிகுந்திருப்பதேன்? தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் அக்குறையைப் பெற்றவர்கள் மலேரியாவை எதிர்த்து நிற்கக்கூடும் என்று 1949-ல் ஊகித்தவரும் ஹால்டேனே. பிற்கால ஆராய்ச்சி அந்த ஊகத்தை வலுப்படுத்தியது.

அவருடைய தைரியத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. 1939-ல் தெட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் மாண்டபோது, காரணம் அறியத் தம்மையே இரும்பு அறையில் அடைத்துக்கொண்டு சோதித்தவர் அவர். ஆனால் அவரும் ஓரிடத்தில் சறுக்கினார். ஸோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் ஜீன் சாஸ்திரத்தையே பொய்யென்று சாதித்தார். பயிர் விதைகளை ஆராய்ந்த வவிலோவ் 1943-ல் சிறையில் மாண்டார். 1948-ல் அரசாங்க பலத்தோடு அந்தச் சாஸ்திரமே அங்கு ஒடுக்கப்பட்டது. உண்மை இன்னதென்று ஹால்டேனைவிட நன்கறிந்தவர் யார்? இருந்தும், கம்யூனிஸ்டுக் கட்சியின் அங்கத்தினராக இருந்த அவர் மனந்திறந்து கண்டிக்கத் தயங்கினார். சமாதானம் சொல்லப் பார்த்தார். பிறகுதான் கட்சியைவிட்டு விலகினார். கட்சிப் பணியில் ஈடுபட்டுள்ள நேயர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உடலைப் பணயம் வைக்கத் துணிந்தவருக்கும், சொந்தக் கட்சி தவறும்போது மெய்யைச் சொல்வது அரிதாயிற்று.

1956-ல் பிரிட்டன் சூயஸ் மீது படையெடுத்ததைக் கண்டித்து, அடுத்த வருஷம் இந்தியாவுக்கு வந்தார். பழைய உறுதி நிறைவேறியது. கல்கத்தாவில் மஹலனோபிஸ் நடத்திய புள்ளிவிவர ஸ்தாபனத்தில் சேர்ந்தார். இந்திய உடை தரித்தார். பின்னர் இந்தியப் பிரஜையானார். 1962-ல் புவனேசுவரத்தில் ஆராய்ச்சிசாலை அமைத்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களுக்கு, பூவின் இதழ்களை எண்ணுவதிலும் பட்டாம்பூச்சி நாடும் மலரைக் குறித்துக்கொள்வதிலும் விஞ்ஞானம் உண்டென்று காட்டினார்.

புற்றுநோய் கண்டபோதும் அதைப் பற்றியே வேடிக்கைப் பாட்டு எழுதினார். தம் உடலைக் காக்கிநாடா வைத்தியக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். இந்த அன்புக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? சிலை வேண்டியதில்லை. தலசீமியா நம் நாட்டிலும் குழந்தைகளை வாட்டுகிறது. மணம் செய்துகொள்ளும் முன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளும் பழக்கத்தை ஒவ்வோர் ஊரிலும் உண்டாக்குவோமாயின், அவர் நமக்களித்த அறிவு வீண்போகாது.