யார் இந்த டேவிட் சைஸ்பெர்கர்? சண்டைக்கே போகாத ஊரும், போதகர் அனுப்பிய ரகசியத் தகவல்களும்

1745. அமெரிக்கா அப்போது பிரிட்டிஷ் காலனி. மோஹாக் பூர்வகுடிகளின் மொழியைக் கற்கப் போன ஓர் இளைஞரை, எதிரி நாட்டு ஆளாக இருப்பாரோ என்று சந்தேகப்பட்டு நியூயார்க்கில் சிறை வைத்தார்கள். சில வாரங்களில் வெளியே வந்துவிட்டார். அவர்தான் டேவிட் சைஸ்பெர்கர். அன்றைக்கு அது வெறும் சந்தேகம். பின்னாளில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

1721-ல் இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியா பகுதியில் பிறந்தவர். மதக் கெடுபிடி தாங்காமல் குடும்பம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டுக்கு ஓடியது. மொராவிய சபை புது வாழ்வு பெற்ற ஊர் அது. (இதே சபையினர் 1760-ல் நம்ம தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.) பதினேழு வயதுவாக்கில் சைஸ்பெர்கர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

மற்ற போதகர்களிடமிருந்து அவரைத் தனித்துக் காட்டுவது மொழிதான். லெனாப்பே மக்களோடு பல வருஷம் வாழ்ந்து, அவர்கள் மொழியிலேயே பேசினார். 1772-ல் ஓஹையோவில் அவர்களோடு சேர்ந்து ஷோன்ப்ருன் என்ற ஊரை அமைத்தார். மர வீடுகள், தோட்டம், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. பிள்ளைகள் படிக்க லெனாப்பே மொழியில் அவர் எழுதிய எழுத்துப் பயிற்சிப் புத்தகம் 1776-ல் அச்சானது.

ஊருக்கு எழுதப்பட்ட சட்டமும் உண்டு. சாராயம் கூடாது, போருக்குப் போகக் கூடாது. பழைய சடங்குகளையும் விட்டுவிட வேண்டும். மொழியைக் காப்பாற்றிய அதே மனிதர் சடங்குகளைக் கைவிடச் சொன்னார் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அப்போ, அவர் உளவாளியா?

அமெரிக்க சுதந்திரப் போர் வந்தது. மொராவிய ஊர்கள் இரு தரப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. வெளியே நடுநிலை. ஆனால் பிரிட்டிஷ் பக்கம் நின்ற பூர்வகுடிப் படைகள் எப்போது கிளம்புகின்றன என்ற தகவலை, சைஸ்பெர்கரும் சக போதகர் ஜான் ஹெக்கவெல்டரும் அமெரிக்கர்களின் பிட் கோட்டைக்கு ரகசியமாக அனுப்பிவந்தார்கள்.

பிரிட்டிஷ் தரப்புக்குச் சந்தேகம் வந்தது. 1781-ல் ஊர்களையே காலி செய்யவைத்து, எல்லோரையும் வடக்கே சாண்டஸ்கிப் பக்கம் கொண்டுபோனார்கள். டெட்ராய்ட்டில் நடந்த விசாரணையில் ஆதாரம் இல்லாததால் போதகர்கள் தப்பினார்கள். மக்களுக்குத்தான் சாப்பாடு இல்லை.

பசி தாங்காமல், வயலில் விட்டுவந்த சோளத்தை அறுக்க ஒரு கூட்டம் திரும்பிப் போனது. பென்சில்வேனியாவிலிருந்து வந்த அமெரிக்கப் படையினர், க்னாடன்ஹட்டன் என்ற மொராவிய ஊரில் அவர்களைப் பிடித்தார்கள். எல்லைத் தாக்குதல்களுக்குப் பழி வாங்குகிறோம் என்று சொல்லி, கொல்லலாமா வேண்டாமா என வாக்கெடுப்பே நடத்தினார்கள். 1782 மார்ச் 8 அன்று 96 பேரைக் கொன்றார்கள். அதில் 39 பேர் குழந்தைகள். யாரும் எதிர்த்துச் சண்டை போடவில்லை. தப்பியது இரண்டு பையன்கள்தான்.

அதாவது, சைஸ்பெர்கர் எந்தத் தரப்புக்கு உதவினாரோ, அதே தரப்பு அவருடைய மக்களைக் கொன்றது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

அவர் அப்போது அங்கே இல்லை. மீதி இருந்தவர்களோடு ஊர் ஊராக அலைந்து, 1792-ல் கனடாவில் ஃபேர்ஃபீல்டு என்ற ஊரை அமைத்தார். 1798-ல், 77 வயதில், ஒரு சிறு குழுவோடு மறுபடியும் ஓஹையோவுக்கே வந்தார். பழைய ஷோன்ப்ருனுக்குப் பக்கத்தில் கோஷன் என்ற ஊரை உருவாக்கினார். 1808 நவம்பர் 17 அன்று அங்கேயே இறந்தார். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.