சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்

மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியிலிருந்து படகேறிக் கழிமுகத்தைக் கடந்தால் வைப்பின் தீவை அடையலாம். அத்தீவின் வடபகுதியில் உள்ள கடற்கரைச் சிற்றூர் செராய். அவ்வூரில் 1925ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மேரி வர்கீஸ் பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மருள் அவர் ஏழாமவர். எறணாகுளம் மகாராசா கல்லூரியில் பயின்றார். பிழைப்பை நாடித் தமிழர் பலர் கொச்சிக்கு வந்தனர். மேரியோ கல்வியை நாடிக் கொச்சியிலிருந்து தமிழகம் சென்றார். ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் சேர்ந்து, 1952இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவத்தில் வல்லுநராக வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

1954ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், உடன் பணிபுரிந்தோருடன் அவர் வெளியூர் சென்றபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம் ஏற்பட்டது. தண்டுவடமும் சிதைந்தமையால் இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றுப்போயின. அப்போது அவருக்கு வயது 28. அக்காலத்தில் தண்டுவடம் சிதைந்தவர்களுட் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில ஆண்டுகளிலேயே இறந்துபோயினர். மேரி உயிர் தப்பினார். ஆயினும் நெடுநாள் மனம் தளர்ந்தே கிடந்தார்.

அவருக்கு வழிகாட்டியவர், கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் நோயாளியின் விரல்கள் நகம்போல் மடங்கிவிடும். வலிமை குன்றாத வேறொரு தசையின் நாணை எடுத்து, அவ்விரல்களுடன் இணைத்தால் அவை மீண்டும் நிமிரும். வேலூரில் பிராண்ட் இச்சிகிச்சையை வளர்த்து வந்தார். கையில் செய்யும் அறுவையை மருத்துவர் உட்கார்ந்தே செய்வது வழக்கம். ஆகவே, இப்பணிக்குக் கால்கள் வேண்டுவதில்லை! மேரி இக்கலையைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் பலரின் கைகளைச் சீராக்கினார். உழைத்துண்ண வழியின்றி ஒதுக்கப்பட்டிருந்தோர் அக்கைகளால் மீண்டும் கருவிகளைப் பற்றினர்.

எனினும் அறுவை முடிந்தபின் நோயாளியின் நிலை என்ன? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடை அணிதல், குளித்தல், தொழில் செய்தல் ஆகியவற்றை அவருக்குக் கற்பிப்பவர் யார்? இதனைத் தம் உடலாலேயே அறிந்திருந்த மேரி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க் சென்று, அத்துறையின் முன்னோடியான ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் பயின்றார். அங்கே அவர் நோயாளியாகச் செல்லவில்லை, மருத்துவராகவே சென்றார்.

தாயகம் திரும்பியவர் வேலூரில் உடலியல் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். அவரது முயற்சியால் 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறுவதற்கென இந்தியாவில் அமைந்த முதல் நிலையம் அதுவேயாகும். மரத்திலிருந்து விழுந்தோரும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியோரும் இத்துறையை நாடி வந்தனர். நடக்க இயலாத நோயாளியைப் பார்க்க, நடக்க இயலாத மருத்துவர் தம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் காலமானார். பாகாயத்தில் அவர் தொடங்கிய நிலையம் இன்றும் இயங்கி வருகிறது.