ஆந்த்ரோத் கரை சேர்ந்த உபைதுல்லாஹ் (ரலி)

தெள்ளாரிலும் ஆரணியிலும் பட்டுத் தறியின் ஓசைக்கிடையே இப்பகுதியைப் படிக்கும் உங்களுள் பலர் கடலைக் கண்டது, எப்போதோ ஒருமுறை நாகூருக்குச் சென்றபோதாக இருக்கலாம். நாற்புறமும் நீரன்றி வேறொன்றும் காணாத ஒரு சிறு திட்டில், மொழி அறியாமல், துணை இன்றி, உடைந்த மரக்கலத்தின் பலகையொன்றைப் பற்றியவாறு வந்து சேர்ந்த ஒரு நல்லடியாரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் ஹஜ்ரத் உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள். இலட்சத்தீவு மக்கள் இஸ்லாத்தைத் தழுவக் காரணமாயிருந்தவர் என அத்தீவார் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் பெருந்தகை.

இத்தீவுகள் நமக்கு அந்நியமானவை அல்ல. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அவை சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தன. ஒரு பிரிவு மலபார் மாவட்டத்தோடும், மற்றது தென் கன்னட மாவட்டத்தோடும் சேர்ந்திருந்தது. இலட்சத்தீவு என்னும் பெயர் 1973 இல் சூட்டப்பட்டது. பெயரில் இலட்சம் இருந்தாலும் மக்கள் வாழ்பவை பத்துத் தீவுகளே. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர்தான் வரும். அவற்றில் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள்.

தீவார் கூறும் வரலாறு மதீனாவில் தொடங்குகிறது. உபைதுல்லாஹ் அவர்கள் முதல் கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் வழித்தோன்றல் என்பர். ஒரு நாள் தொழுகைக்குப் பின் கண்ணயர்ந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கனவில் தோன்றி, ஜித்தா சென்று மரக்கலமேறித் தொலைதூர நாடுகளுக்கு மார்க்கத்தை எடுத்துச் செல்லுமாறு பணித்தார்களாம். அது ஹிஜ்ரி 41, அதாவது கி.பி. 661 அளவில் என்று அவ்வரலாறு குறிக்கிறது. அந்த ஆண்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முஸ்லிம்கள் தமக்குள் போரிட்டு இரத்தம் சிந்திய நாட்கள் ஓய்ந்து, ஹஸன் (ரலி) அவர்கள் ஆட்சியை விட்டுக்கொடுத்துச் சமாதானம் கண்ட ஆண்டு அது. ஜித்தாவும் அப்போது புதிய துறைமுகமே. மக்காவின் துறைமுகமாக உதுமான் (ரலி) அவர்கள் அதனை ஏற்படுத்திப் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆட்சிக்கும் பதவிக்கும் வாதிட்டவர்கள் ஒருபுறமிருக்க, ஒரு மனிதர் அவற்றுக்கெல்லாம் முதுகு காட்டிக் கடலை நோக்கி நடந்தார் என்பதுதான் இக்கதையில் நம் நெஞ்சைத் தொடுகிறது.

பல மாதக் கடற்பயணம். பின்னர்ப் புயல். மரக்கலம் நொறுங்கியது. இத்தீவுகளின் அமைப்பை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. பவளப் பூச்சிகள் கட்டி எழுப்பிய இத்திட்டுகளில் மலை இல்லை, குன்று இல்லை. நீர்மட்டத்திற்கு மேல் சில மீட்டர் உயரமே நிலம். தென்னையின் தலை கண்ணில் படும்போது கப்பல் பாறைத் தொடரை நெருங்கியிருக்கும். அலைக்கு அடியில் மறைந்திருக்கும் அப்பவளப் பாறை எத்தனையோ கலங்களைப் பிளந்திருக்கிறது. உபைதுல்லாஹ் அவர்கள் பலகையொன்றில் மிதந்து, அமினித் தீவின் கரையில் ஒதுங்கினார்.

அமினி மூன்று சதுர கிலோமீட்டர் கூட இல்லாத தீவு. நெல் விளையாத மண். தென்னையும் மீனுமே வாழ்வு. மணலைத் தோண்டினால் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மழைநீர் நிற்கும். அதுவே குடிநீர். இத்தகைய இடத்தில் ஒரு புதியவனுக்கு ஒரு குடம் நீர் தருவதும் ஊரார் தயவு. அந்தத் தயவை நாடி வாய் மூடி இருந்திருக்கலாம் அவர். இருக்கவில்லை. ஓரிறைக் கொள்கையை எடுத்துரைக்கத் தொடங்கினார். ஊர்த் தலைவன் சினந்து, உடனே வெளியேறுமாறு ஆணையிட்டான். அவர் அசையவில்லை.

இதற்கிடையில் தீவின் இளமங்கை ஒருத்தி அவர்பால் அன்பு கொண்டாள். இஸ்லாத்தை ஏற்ற அவளுக்கு ஹமீதத் பீவி எனப் பெயரிட்டு மணந்துகொண்டார். தலைவனின் சினம் கொலைவெறியாக மாறியது. தன் ஆட்களோடு வந்து இருவரையும் சூழ்ந்துகொண்டான். உபைதுல்லாஹ் அவர்கள் இறைவனிடம் கையேந்தினார். சூழ்ந்தவர்களின் பார்வை மங்கிப் போயிற்று. இருவரும் தீவை விட்டு அகன்ற பின்னரே அவர்களுக்குக் கண்ணொளி திரும்பியது என்பது தீவு மக்களின் நம்பிக்கை. இறையருளின் அற்புதத்தை அளந்து பார்ப்பது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் தீவில் அவர் தோற்றுத்தான் திரும்பினார். அவரோடு சென்றவர் ஒரே ஒரு பெண்மணி. பிறந்த மண்ணையும் சுற்றத்தையும் துறந்து, ஊரே பகைத்த ஒருவருடன் படகேறிய அந்த அம்மையாரின் பெயரை நம் சொற்பொழிவாளர்கள் ஏனோ அதிகம் உரைப்பதில்லை.

படகு சென்று சேர்ந்த ஆந்த்ரோத், அமினிக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவு. கொச்சியிலிருந்து 293 கிலோமீட்டர். தீவுகளில் பெரியது அதுவே. அதன் பரப்பும் 4.9 சதுர கிலோமீட்டரே. மற்றத் தீவுகளைப் போல் அலையடங்கிய உப்பங்கழி அதற்கு இல்லாததால் கரையேறுவதே கடினம். அங்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் இம்முறை மக்கள் செவிசாய்த்தனர். பின்னர் அவர் மற்றத் தீவுகளுக்கும் சென்று மார்க்கப் பணியாற்றி, மீண்டும் ஆந்த்ரோத்துக்கே வந்து அங்கேயே இறையடி சேர்ந்தார். அவருடைய அடக்கத்தலம் அத்தீவின் ஜும்ஆப் பள்ளியில் இன்றும் கண்ணியப்படுத்தப்படுகிறது.

ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதையும் உங்களிடம் மறைக்கலாகாது. தீவாரின் பேச்சு மலையாளத்தின் ஒரு வடிவம். மினிக்காயில் மட்டும் வேறு மொழி. குடும்ப முறை மலபாரின் மருமக்கள் தாயம். ஆகவே இவர்கள் மலபார்க் கரையிலிருந்து குடியேறியவர்கள் என்றும், இஸ்லாம் பல நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாகப் பரவியது என்றும் அவர்கள் கருதுகின்றனர். உபைதுல்லாஹ் அவர்களின் வரலாறு வாய்மொழியாகவும், ஃபுதூஹாத்துல் ஜஸாயிர் என்னும் அரபு நூல் வழியாகவும் வந்ததேயன்றி அக்காலக் கல்வெட்டில் இல்லை. ஆண்டுக் கணக்கில் வாதிடலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தன் மூதாதையர் ஒரு நல்லவரைக் கொல்லத் துணிந்தனர் என்ற குற்றத்தைத் தன் கதையிலேயே காத்து வைத்திருப்பது எமக்கு வெறுங்கற்பனையாகத் தோன்றவில்லை.

மேலும் ஒரு செய்தி. தீவார் சொத்தை இரு வகையாகப் பிரிப்பர். தாய்வழியில் வரும் தறவாட்டுச் சொத்து வெள்ளியாழ்ச்சைச் சொத்து, அதாவது வெள்ளிக்கிழமைச் சொத்து. தானே தேடிய பொருள் திங்களாழ்ச்சைச் சொத்து. முன்னது மருமக்கள் வழி செல்லும். பின்னது ஷரீஅத்தின்படி பங்கிடப்படும். கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து போவதே அங்குள்ள பழைய வழக்கம். காயல்பட்டினத்தில் மணமகன் பெண்வீட்டில் வாழ்வதை அறிந்த நமக்கு இது விந்தையாகாது. வந்த மார்க்கம் மண்ணின் வழக்கத்தை ஒரே நாளில் வேரோடு பிடுங்கவில்லை. ஹமீதத் பீவியின் இல்லற வாழ்வும் இத்தகைய ஒரு வீட்டில்தான் நடந்திருக்கும்.

ஆந்த்ரோத் மார்க்க அறிஞர்களின் ஊராயிற்று. அதன் தங்கள்மார் மார்க்கம் போதிக்க இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேசியாவுக்கும் கப்பலேறினர். அங்கெல்லாம் அவர்களுக்குத் தனி மரியாதை இருந்தது. பலகை பற்றி ஒருவர் வந்த கரையிலிருந்து, அவர் பெயர் சொல்லிப் பலர் புறப்பட்டுச் சென்றனர்.