தலைவலி தீர்த்த தேரையர்

அகத்தியர் பெயரை அறியாத தமிழர் இலர். அவருடைய மாணாக்கருள் தலைசிறந்தவர் எனப் போற்றப்படும் தேரையர் பெயரையும் நம்முள் பலர் கேட்டிருப்போம். ஆயினும் அப்பெயர் அவருக்கு ஓர் அரசனது தலைவலியால் வாய்த்தது என்னும் செய்தியை அறிந்தோர் நம் ஆடுகோடித் தமிழரிடையே மிகுதியாக இல்லை. சங்கத்தில் கூடியிருந்த இளைஞர் சிலரிடம் இதனைச் சொல்லப்போக, அவர்கள் வியந்து கேட்டனர். மூளை, நரம்பு நோய்களுக்கென்றே பாரத நாடெங்கும் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனையை ஓசூர்ச் சாலையில் மிக அருகிலேயே வைத்துக்கொண்டு வாழ்கிறோம். நம்மவர்க்கு, மண்டையைத் திறந்து நோய் தீர்த்ததாகப் பேசப்படும் முன்னோர் ஒருவரின் சரிதை தெரிந்திருத்தல் தகும் எனக் கருதி, இவ்வாண்டு மலரில் அதனை எழுதத் துணிந்தோம். நாம் இங்கே எழுதுவது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் மரபுக் கதை; கல்வெட்டிற் பொறித்த வரலாறு அன்று. இதனை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

தேரையர் பிறவியிலேயே வாய் பேசாதவர் என்பது மரபு. இளமையில் இராமதேவன் என்பது அவர் பெயர் என ஒரு சாரார் கூறுவர். அகத்தியர் பொதிகையில் தங்கி மருத்துவம் பயிற்றிவந்த காலத்தில், ஔவைப் பிராட்டியார் இச்சிறுவனை அழைத்துவந்து அவரிடம் ஒப்படைத்தாராம். வாய் பேசாத பிள்ளைக்கு வித்தை எதற்கு என்று அகத்தியர் தள்ளிவிடவில்லை. மூலிகை பறித்துவருதல், வேரை இடித்துச் சூரணமாக்குதல், அடுப்பெரித்தல் முதலிய பணிகளை அவனிடம் விட்டார். பேச இயலாதவனுக்குக் கண்ணும் காதுமே துணை. பிற மாணாக்கர் ஆசிரியரிடம் வினாக்களை அடுக்கிக்கொண்டிருக்க, இவனோ ஆசிரியரின் கையையும் நோயாளியின் முகத்தையும் பார்த்தவாறே இருந்தான்.

அந்தப் பார்வையின் பயன் முதலில் வெளிப்பட்டது கூன் விழுந்த பாண்டியன் ஒருவனுக்கு மருந்து காய்ச்சிய நாளிலே. அகத்தியர் மருந்துக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு, சிறுவனைக் காவல் வைத்து வெளியே சென்றார். எப்போது இறக்கவேண்டுமென்று அவர் சொல்லிச் செல்லவில்லை. மருந்து கொதித்து ஆவி மேலெழுந்தது. கூரையில் வளைந்து கிடந்த மூங்கிற் கழி ஒன்று அந்த ஆவி பட்டு மெல்ல நிமிர்வதைச் சிறுவன் கண்டான். வளைந்த கழியை நிமிர்த்தும் பதம், வளைந்த முதுகையும் நிமிர்த்தும் பதமேயன்றோ! உடனே நெருப்பைத் தணித்துக் கொப்பரையை இறக்கிவிட்டான். திரும்பிவந்த ஆசிரியர் காரணம் கேட்க, மேலே கையைக் காட்டினானாம். அம்மருந்தால் பாண்டியன் கூன் நிமிர்ந்தான் என்பது கதை.

இனி, தலைவலியின் கதைக்கு வருவோம். காசிவர்மன் என்னும் அரசனுக்குத் தீராத் தலைவலி. பற்றுப் போட்டனர், நசியம் இட்டனர், தைலம் தேய்த்தனர். எதற்கும் வலி அசையவில்லை. இறுதியில் அகத்தியரை நாடினர். அரசன் உறங்கும்போது சிறு தேரை ஒன்று மூக்கின் வழியே ஏறி மூளையில் தங்கிவிட்டது என்று அவர் கண்டறிந்தார். அரசனை மயக்கத்தில் ஆழ்த்தி, மண்டையோட்டைத் திறந்தார். உள்ளே தேரை மூளையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தது.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது; அதனை எடுப்பது எவ்வாறு? குறட்டால் பற்றி இழுத்தால் தேரையின் கால்கள் மூளையைக் கிழித்துவிடும். விட்டுவிட்டாலோ அரசன் பிழையான். உலகறிந்த முனிவரும் ஒருகணம் கை தயங்கி நின்றார். அப்பொழுது வாய் பேசாத அச்சிறுவன் விரைந்து சென்று, வாய் அகன்ற பாத்திரம் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து, தேரையின் கண்ணுக்குப் படுமாறு பிடித்து, கையால் நீரை அளைந்து ஒலியெழுப்பினான். நீரைக் கண்ட தேரை தானே தாவிப் பாத்திரத்துள் விழுந்தது. மூளையில் ஒரு கீறலும் இல்லை. அகத்தியர் சந்தானகரணி என்னும் மூலிகையால் மண்டையை மூடிப் பொருத்தினார். மாணாக்கனை அணைத்துக்கொண்டு அன்று முதல் தேரையன் என்று அழைத்தார். அவன் ஊமையையும் தீர்த்துவைத்தார் என்பர்.

இதனைக் கேட்டவுடன் நம் இளைஞர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. மூக்கின் துளைக்கும் மூளைக்கும் இடையே எலும்பும் சவ்வும் தடுத்து நிற்கின்றன. தேரை ஏற வழியில்லை. ஆயினும் இதே கருத்தைப் பல நாட்டார் பல காலங்களிற் பேசியிருத்தல் நோக்கத்தக்கது. புத்தர் காலத்து மருத்துவரான ஜீவகர், இராசகிருகத்து வணிகர் ஒருவரின் தலையைத் திறந்து 2 புழுக்களை எடுத்ததாகப் பௌத்த விநய நூல் கூறும். போஜ மன்னன் மண்டையிலிருந்து மீன் எடுத்த கதை வடமொழியில் உண்டு. சீனத்தில் தலைவலியால் வருந்திய த்சாவ் த்சாவ் என்னும் அதிபதியிடம் மண்டையைத் திறக்கலாமென்று சொன்னதால் ஹுவா துவோ என்னும் மருத்துவர் உயிரிழந்தார் என அந்நாட்டுப் பழங்கதை பேசும். அவ்வளவு ஏன், காஷ்மீரத்துப் புர்சஹோமில் தோண்டியெடுத்த புதிய கற்கால மண்டையோடு ஒன்றில் மனிதன் துளையிட்ட அடையாளங்களே காணப்படுகின்றன. தலைக்குள் ஏதோ ஓர் உயிர் புகுந்து குடைகிறது என்னும் எண்ணம், வலி பொறுக்கமாட்டாத மனிதனுக்கு எங்கும் தோன்றியிருக்கிறது.

அந்த எண்ணம் முழுப் பொய்யும் அன்று. தேரை புகாது, ஆனால் நாடாப்புழுவின் குஞ்சு புகும். பன்றி நாடாப்புழுவைக் குடலில் உடைய ஒருவரது மலத்தின் வழியே அதன் முட்டைகள் மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத கீரையிலும் காய்கறியிலும், சமைப்பவர் கையிலும் ஒட்டிக்கொண்டு நம் வயிற்றை அடைகின்றன. அங்கே பொரிந்த குஞ்சுகள் இரத்தத்தில் ஏறி மூளைவரை சென்று, சிறு நீர்க்கட்டிகளாகத் தங்குகின்றன. தலைவலியும் வலிப்பும் இதனால் தோன்றும். நம் நாட்டில் வலிப்பு நோய்க்குரிய காரணங்களுள் இது முக்கியமான ஒன்று. பன்றி இறைச்சியைக் கண்ணாலும் காணாத சைவ உணவினர்க்கும் இது வருகிறது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நினைவிற் கொள்ளவேண்டும். சந்தையிலிருந்து வரும் கொத்துமல்லியையும் கீரையையும் நன்கு அலசாமல் விடுவது இதற்கு ஒரு வாயில்.

இங்கே ஒரு வியப்பு. இக்கட்டிக்கு மருந்து உண்டு. அல்பெண்டசோல் என்பது அதன் பெயர். ஆனால் புழுவை உடனே கொன்றுவிடுவதும் தீங்காகலாம். சாகும் புழுவைச் சுற்றி மூளை வீங்கி, வலிப்பும் தலைவலியும் மிகக்கூடும். ஆகவே மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுத்துக் கட்டி எங்கே, எத்தனை என்று பார்க்கிறார். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு மருந்தும், வலிப்பைத் தடுக்கும் மருந்தும் அளிக்கிறார். அதன் பின்னரே, வேண்டுமாயின், புழுவின் மேல் கை வைக்கிறார். குறட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்த தேரையரை இதில் நாம் காண்கிறோம்.

எல்லாத் தலைவலிக்கும் தலையில் ஏதோ இருக்கிறது என்று அன்பர்கள் அஞ்சிவிடலாகாது. பெரும்பாலான தலைவலிகள் ஆபத்தற்றவை. தலையைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல் இருபுறமும் இறுகுவது கவலையாலும் அலுப்பாலும் வருவது. நாம் பணிபுரியும் இரயில்வே அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாள்களில் தைலத்தின் மணம் கோப்புகளிலேயே ஏறிவிடும்! ஒற்றைத் தலைவலி வேறு. அது பெரும்பாலும் ஒரு புறத்தில் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்காது, சிலர்க்கு வலி தொடங்குமுன் கண்முன் கோணல் கோணலாக ஒளி மின்னும். 4 மணி முதல் 72 மணி நேரம் வரை அது நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாக வருகிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் இட்லிக்கு மாவு அரைக்கிறாள். இருட்டறையில் சிறிது படுத்தாலோ சோம்பல் என்கிறோம். அது நரம்பின் நோய். அதற்கு வலி வந்தவுடன் உண்ணும் மருந்தும், அடிக்கடி வருவோர்க்கு வராமல் தடுக்கும் மருந்தும் உள்ளன என்பதை ஆடவர் அறிதல் வேண்டும்.

மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவோர்க்கும் ஒரு சொல். திங்களில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை உண்டுவந்தால் அம்மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். சில வகை மருந்துகளுக்கு 10 நாளே எல்லை. மாத்திரை தீர்ந்ததும் வலி, வலி வந்ததும் மாத்திரை என்று இது சுழலும்.

தேரையரைப்போல் அருகிருந்து பார்ப்பவரே வீட்டுக்குத் தேவை. வலி எப்போது தொடங்கிற்று, எந்தப் பக்கம், எத்தனை நேரம், உண்ணாமல் இருந்தாரா, உறங்கவில்லையா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவர் பாதி வழி வந்துவிடுகிறார். ஆனால் சில வலிகளுக்குக் குறித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலி, தலையில் அடிபட்டபின் வரும் வலி, கண் மங்குதல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் வலி, விடியலில் வாந்தியோடு எழுந்து நாளுக்கு நாள் மிகும் வலி, கருவுற்ற மகளிர்க்கு வரும் கடுந் தலைவலி ஆகியவற்றோடு தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது. வாய் கோணி, ஒரு கை தொய்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டுமாகையால், நல்ல நேரம் பார்ப்பதும் உறவினர்க்குச் சொல்லி அனுப்புவதும் பிறகு ஆகட்டும். வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயன் ஒன்றுமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் நுழைக்காமல் காத்திருக்க வேண்டும். 5 நிமிடம் கடந்தும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இவ்வளவு அருகில் நிம்ஹான்ஸ் இருந்தும் நம்மவர் சிலர் அங்கே செல்லக் கூசுவதை நாம் அறிவோம். பழைய மனநோய் மருத்துவமனையும் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974-இல் இணைந்து உருவானது அது. பெண் பார்க்க வருவோர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று, வலிப்பு உள்ள பெண்ணையும் அழைத்துச் செல்லாத தாய்மார் உண்டு. மனநோய்க்குச் செல்வதிலேயே வெட்கம் வேண்டியதில்லை. தலைவலிக்கும் வலிப்புக்கும் நரம்பு மருத்துவரைக் காணச் செல்வதில் வெட்கம் எங்கிருந்து வந்தது?

மீண்டும் தேரையரிடம் வருவோம். பேச்சுப் பெற்றபின் அவர் புகழ் வளர்ந்தது. சித்தர் ஒருவரது வயிற்றுவலிக்கு ஆசிரியர் அளித்த மருந்து பலிக்கவில்லையாம். தேரையர் சென்று, அம்மருந்து பல்லிற் பட்டு நஞ்சாகிறது என்று கண்டு, பல்லிற் படாமல் குழல் ஒன்றின் வழியே உட்செலுத்தினாராம். மருந்து அதுவே, கொடுத்த வழிதான் வேறு. இது கேட்ட அகத்தியர், இனி நீ தனித்திருந்து மருத்துவம் செய்வாயாக என விடைகொடுத்து அனுப்பினார் என்பர். மனவருத்தத்தால் அனுப்பினார் என்பாரும் உளர். மாணாக்கன் தன்னை விஞ்சுவதைப் பொறுத்தல் முனிவர்க்கும் எளிதன்று போலும்!

அவர் பெயரால் வழங்கும் நூல்கள் பல: தேரையர் வெண்பா, தைல வருக்கச் சுருக்கம், நீர்க்குறி நெய்க்குறி முதலியன. நீர்க்குறி நெய்க்குறியில் அவரது பார்க்கும் வழக்கமே கலையாக நிற்கிறது. நோயாளியின் சிறுநீரில் ஒரு துளி எண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று நோக்கி வாத பித்த கபங்களைக் கணிக்கும் முறை அது. சித்த மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் அதனைப் பயில்கின்றனர். நோயணுகா விதி என்பதும் அவர் பெயரால் வழங்குவதே. பசித்தால் மட்டும் உண்ணுதல், முதல் நாள் சமைத்த கறியை விலக்குதல், இயற்கை வேகங்களை அடக்காமை, 4 நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு ஆகியவை அதில் உள்ளன. ஒற்றைத் தலைவலி உடையோர்க்கு வேளை தவறாத உணவும் உறக்கமும் வேண்டுமென்று இன்றைய மருத்துவர் வற்புறுத்துவதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலைக்குக் குளித்த ஈரம் உலராமல் இரயிலேறும் நம் கூட்டத்தார்க்கு அவர் என்ன விதி எழுதியிருப்பாரோ!

தேரையர் தம் இறுதி நாள்களைக் கழித்துச் சமாதியுற்ற இடம் தோரணமலை என்பது திருநெல்வேலிச் சீமையார் நம்பிக்கை. கடையத்துக்கும் தென்காசிக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள அம்மலையின்மீது முருகன் கோயில் கொண்டுள்ளான். அகத்தியரும் தேரையரும் அங்கே தங்கி மருத்துவம் செய்தனர் என்றும், அரசன் தலையைத் திறந்தது அம்மலையிலேதான் என்றும் அப்பக்கத்தார் சொல்வர். திருநெல்வேலி – தென்காசி இருப்புப் பாதையில் கடையம் நிலையத்தில் இறங்கிச் செல்லலாம். மலைமேல் ஏறப் படிகள் உண்டு.