எக்ஸ்-ரே வண்டி ஓட்டிய விஞ்ஞானி



மரத்திலிருந்தோ, சைக்கிளிலிருந்தோ விழுந்து கையை உடைத்துக்கொண்ட ஒருவராவது உங்கள் வகுப்பில் இருப்பார். மருத்துவர் முதலில் என்ன செய்யச் சொன்னார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எக்ஸ்-ரே எடுத்து வரச் சொல்லியிருப்பார். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மாவுக்கட்டுப் போட்டிருப்பார்.

இன்று நமக்கு இது சாதாரண விஷயம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இந்த ஒரு படம் கிடைக்காததால் கையையும் காலையும் இழந்தவர்கள் உண்டு. உயிரையே இழந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காலத்தில், எக்ஸ்-ரே கருவியை ஒரு காரில் ஏற்றிக்கொண்டு காயம்பட்டவர்கள் கிடந்த இடத்துக்கே போனார் ஓர் அம்மையார். அவர் யார் தெரியுமா? நீங்கள் நன்றாக அறிந்தவர்தான். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி!

மேரி 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். அப்போது அந்த நகரம் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க முடியாது. மேரியும் அவருடைய அக்காவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மேரி வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்து, பாரிஸில் மருத்துவம் படிக்கும் அக்காவுக்குப் பணம் அனுப்புவது. அக்கா படித்து முடித்ததும் தங்கைக்கு உதவுவது. சொன்னபடியே இருவரும் நடந்துகொண்டார்கள். 1891இல் மேரி பாரிஸ் சென்று, இயற்பியலும் கணிதமும் படித்தார்.

1895இல் பியேர் கியூரி என்ற விஞ்ஞானியைத் திருமணம் செய்துகொண்டார். 1898இல் இருவரும் சேர்ந்து பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களைக் கண்டறிந்தார்கள். 1903இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. 1906இல் பியேர் சாலையில் குதிரை வண்டி ஒன்றில் அடிபட்டு இறந்துபோனார். இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளோடு தனித்து நின்ற மேரி, ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1911இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. இரண்டு வெவ்வேறு அறிவியல் துறைகளில் நோபல் பரிசு பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கலாம். இனி நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு நடந்தது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியப் படை பாரிஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேரிக்காகப் பாரிஸில் கட்டப்பட்ட ரேடியம் ஆய்வு நிலையம் அப்போதுதான் தயாராகியிருந்தது. ஆனால் அங்கே வேலை செய்யவேண்டியவர்கள் எல்லாம் போருக்குப் போய்விட்டார்கள். மேரியிடம் ஒரு கிராம் ரேடியம் இருந்தது. அது எதிரி கையில் சிக்கக்கூடாது அல்லவா? கனமான ஈயப் பெட்டியில் வைத்து, ரயிலில் போர்டோ நகருக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பாக வைத்தார். பலர் பாரிஸை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மட்டும் பாரிஸுக்கே திரும்பினார்.

ஆராய்ச்சி நின்றுவிட்டது. இனி தன் படிப்பு யாருக்கு உதவும் என்று அவர் யோசித்தார். போர்முனை மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது என்று விசாரித்தார். கேட்ட செய்தி அவரைக் கலங்க வைத்தது.

பீரங்கிக் குண்டு வெடிக்கும்போது அதன் இரும்புத் துண்டுகள் நாலாபுறமும் சிதறி வீரர்களின் உடலுக்குள் புகுந்துவிடும். வெளியே தெரிவது ஒரு சின்ன ஓட்டைதான். உள்ளே போன துண்டு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காயத்துக்கு நேர் உள்ளே இருக்கலாம். எலும்பில் பட்டுத் திரும்பி வேறெங்கோ போயிருக்கலாம். மருத்துவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுபோல் சதையைக் கிளறிப் பார்க்கவேண்டியிருந்தது. துண்டு உள்ளேயே தங்கிவிட்டால் புண் சீழ் பிடிக்கும். அந்தக் காலத்தில் பென்சிலின் போன்ற மருந்துகளும் கிடையாது. கடைசியில் காலையோ கையையோ வெட்டி எடுப்பார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்திருந்தார். இந்தக் கதிர்கள் சதையை எளிதாக ஊடுருவிச் செல்லும். எலும்பு அவற்றைப் பெருமளவு தடுக்கும். உலோகம் அதைவிட அதிகமாகத் தடுக்கும். எனவே, உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டு எக்ஸ்-ரே படத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். எக்ஸ்-கதிர் மேரியின் கண்டுபிடிப்பு அல்ல. ரேடியமும் எக்ஸ்-ரேயும் ஒன்றல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேரி அந்தக் கதிர்களைப் பற்றி நன்கு அறிந்தவர்.

அப்படியானால் குறை எங்கே? எக்ஸ்-ரே கருவிகள் பெரிய நகரங்களின் மருத்துவமனைகளில் இருந்தன. காயம்பட்டவர்களோ போர்முனையில் இருந்தார்கள். குண்டும் குழியுமான சாலையில் அவர்களை நகரத்துக்குக் கொண்டுவருவதற்குள் காலம் கடந்துவிடும். போர்முனைக்கு அருகே இருந்த பல மருத்துவமனைகளில் மின்சாரம்கூடக் கிடையாது.

நோயாளி கருவியிடம் வர முடியாவிட்டால், கருவி நோயாளியிடம் போகட்டும்! இதுதான் மேரிக்குத் தோன்றிய எண்ணம்.

ஒரு காருக்குள் எக்ஸ்-ரே கருவியையும், படம் எடுப்பதற்கான பொருள்களையும் வைத்தார். ஒரு டைனமோவையும் சேர்த்தார். டைனமோ என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிள் சக்கரம் சுழலும்போது சிறிய டைனமோ விளக்கை எரிய வைக்கிறது அல்லவா? அதேபோல் காரின் எஞ்சின் இந்த டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தரும். இனி மின்சாரம் இல்லாத ஊரிலும் எக்ஸ்-ரே எடுக்கலாம்!

பிரெஞ்சுப் பெண்கள் சங்கம் ஒன்றின் பண உதவியால் முதல் வண்டி உருவானது. 1914ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மேரி அதில் ஏறிப் போர்முனைப் பக்கம் புறப்பட்டார். உடன் சென்றவர்களில் அவருடைய மூத்த மகள் ஐரீனும் ஒருவர். ஐரீனுக்கு அப்போது வயது 17தான்!

வண்டி மருத்துவமனையை அடைந்ததும் வேலை மளமளவென்று நடக்கும். ஓர் அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் திரையால் மூடுவார்கள். கருவியை அறைக்குள் பொருத்தி, வெளியே நிற்கும் வண்டியிலிருந்து கம்பி இழுப்பார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தயாராகிவிடும். பிறகு காயம்பட்டவர்களை ஒருவர் பின் ஒருவராகப் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். வீரர்கள் வரிசை முடியும் வரை மேரி அந்த இருட்டறையை விட்டு வெளியே வரமாட்டார்.

இங்கே ஒரு கேள்வி. எக்ஸ்-ரே படம் தட்டையானது. இரும்புத் துண்டு இடப்பக்கமா, வலப்பக்கமா என்று காட்டும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். இரவில் ஒரு டார்ச் விளக்கைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். நடுவே ஒரு பென்சிலை, சுவரை ஒட்டினாற்போல் நீட்டுங்கள். டார்ச்சைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பென்சிலின் நிழல் சிறிதளவே நகரும். இப்போது பென்சிலைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்து, டார்ச்சை அதே அளவு நகர்த்துங்கள். நிழல் அதிக தூரம் நகரும்! எக்ஸ்-ரே குழாயையும் இதேபோல் நகர்த்தி இரண்டு முறை பார்ப்பார்கள். நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், துண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரும் வடிவொத்த முக்கோணங்கள்தான் அந்தக் கணக்கு. வடிவியல் எதற்குப் பயன்படும் என்று இனி யாரும் கேட்கமாட்டீர்கள் அல்லவா?

ஒரு வண்டி போதுமா? போதாது. மேரி வசதியுள்ளவர்களிடம் சென்று கார்களைக் கேட்டு வாங்கினார். அதிகாரிகளிடம் மீண்டும் மீண்டும் நடந்து அனுமதி பெற்றார். இப்படி 20 வண்டிகள் தயாராயின. வீரர்கள் அவற்றுக்குக் 'குட்டிக் கியூரிகள்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இவை தவிர, மருத்துவமனைகளில் ஏறத்தாழ 200 எக்ஸ்-ரே அறைகளையும் மேரி அமைத்துக் கொடுத்தார். நோபல் பரிசுப் பணத்தைப் போர்க்கடன் பத்திரங்களில் போட்டார். தம் தங்கப் பதக்கங்களையும் உருக்கிக்கொள்ளும்படி வங்கியிடம் கொடுக்கப் போனார். வங்கி அதிகாரிகள்தான் அவற்றை உருக்க மறுத்துவிட்டார்கள்.

ஓட்டுநர் இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடக்கூடாது என்று காரோட்டவும் கற்றுக்கொண்டார். 1916இல் அவர் ஓட்டுநர் உரிமம் பெற்றபோது வயது 48. சக்கரம் பழுதானால் அவரே மாற்றுவார். ஒருமுறை வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து அவர்மேல் பெட்டிகள் சரிந்தன. காயத்தை அவர் பெரிதாக நினைக்கவில்லை. கருவி உடைந்துவிட்டதோ என்றுதான் கவலைப்பட்டார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை!

வண்டிகள் வந்துவிட்டன, இயக்க ஆள் வேண்டுமே? 1916 முதல் ரேடியம் ஆய்வு நிலையத்திலேயே பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். மின்சாரம், எக்ஸ்-கதிர், உடற்கூறு, படம் எடுக்கும் முறை ஆகியவற்றைக் கற்பித்தார்கள். சுமார் 150 பெண்கள் பயிற்சி பெற்றுப் போர்முனை மருத்துவமனைகளுக்குப் போனார்கள். ஆசிரியராக வாழ்ந்த எனக்கு, மேரியின் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தாம் ஒருவரே எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தமக்குத் தெரிந்ததைப் பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்.

மகள் ஐரீனும் சளைத்தவர் அல்ல. பெல்ஜியத்தில் ஓர் எக்ஸ்-ரே நிலையத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டார். தம் 18ஆம் பிறந்தநாளையும் அங்கே தனியாகத்தான் கழித்தார்.

1918இல் போர் முடிந்தது. அதற்குள் இந்த வண்டிகளிலும் அறைகளிலும் பரிசோதிக்கப்பட்ட வீரர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது! அங்கே கிடைத்த அனுபவத்தை மேரி 1921இல் ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். எக்ஸ்-ரே இல்லாமல் அறுவை சிகிச்சை செய்வது சரியல்ல என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வேரூன்றியது இந்தப் போர்க்காலத்தில்தான்.

இனி கொஞ்சம் வருத்தமான செய்தி. எக்ஸ்-கதிர் அளவுக்கு மிஞ்சினால் உடலைப் பாதிக்கும். அந்தத் தீங்கு அப்போது ஓரளவுக்குத்தான் தெரியும். தக்க பாதுகாப்பு இல்லாமல் மேரி பல ஆண்டுகள் ரேடியத்தோடும் எக்ஸ்-கதிரோடும் வேலை செய்தார். உடலில் புதிய இரத்தம் ஊறாத நோய் அவருக்கு வந்தது. 1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், 66ஆம் வயதில் காலமானார். அவரது நோய்க்கு ரேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ்-ரே வேலையே காரணமாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. கணவர் பிரெடரிக் ஜோலியோவுடன் சேர்ந்து 1935இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஐரீனும், 1956இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

அதனால்தான் இன்று பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. எக்ஸ்-ரே எடுக்கும்போது மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்கிறார்கள். படம் எடுப்பவரும் தடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறார். இப்போதைய கருவிகளுக்கு மிகக் குறைந்த அளவு கதிரே போதும். ஆகவே மருத்துவர் எடுக்கச் சொன்னால் பயப்படவேண்டாம். வெளியே நிற்கச் சொன்னால் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்!

செல்வங்களே! இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், ஆய்வுக்கூடத்திலேயே பெருமையோடு உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் கற்ற கல்வி எங்கே தேவைப்படுகிறதோ, அங்கே நாம்தான் போகவேண்டும் என்று அவர் நினைத்தார். சேறும் சகதியுமான சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

நீங்களும் நன்றாகப் படியுங்கள். படித்ததை யாருக்குத் தேவையோ, அவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வராத ஒரு கணக்கை இன்று மாலையே சொல்லிக்கொடுத்துத் தொடங்கலாமே!